செம்பாயி மேல் விழுந்த சல்லி

கூகைப்பாறையில் சல்லி என்ற சொல்லுக்கு முதலில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. வெடி வைத்துப் பாறையைப் பிளந்து, பிளந்ததைச் சம்மட்டியால் உடைத்து, உடைத்ததைப் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து சுத்தியலால் தட்டித் தட்டிச் சிறிதாக்கிக் கூடையில் அள்ளினார்களே, அந்தக் கல்துண்டு. பிறகு அந்தச் சொல் கல்லைவிட்டு இறங்கி மனிதர்மேல் ஏறியது. செல்லாத காசைச் சல்லிக்காசு என்றார்கள், வேலைக்குப் போகாத ஆம்பளையைச் சல்லிப்பயல் என்றார்கள், கைதவறிப் போட்ட பானை சல்லி சல்லியாகப் போயிற்று என்றார்கள், கடைசியில் ஊர் சொன்ன பேச்சுக்கு அடங்காத பொம்பளைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது வேறு சொல் தேடச் சோம்பல்பட்டுக்கொண்டு அவளையும் சல்லி என்றார்கள். அப்படிப் பெயர் வாங்கியவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. சொன்ன சொல் கல்லாகவே வந்து விழுந்தது செம்பாயிக்கு மட்டும்தான்.

குவாரியை மூடிய கோடையில், வியாழக்கிழமைச் சந்தையில் அது தொடங்கியது. செம்பாயி கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் குனிந்து சொத்தை இல்லாததாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடைக்காரி மாரிக்கண்ணு அவள் கையிலிருந்ததை வெடுக்கென்று பிடுங்கித் திரும்பக் குவியலில் போட்டாள்.

"ஒனக்கு விக்கிறதுக்கு இல்ல. ஊரு அடுப்புல தண்ணிய ஊத்துன சல்லி, ஒனக்குக் கத்தரிக்கா கேக்குதோ?"

மேகமே இல்லாத வானத்திலிருந்து கோழிமுட்டை அளவில் ஒரு கருங்கல் துண்டு வந்து செம்பாயியின் காலடியில் புழுதி கிளப்பி விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். மாரிக்கண்ணு நிமிர்ந்து வானத்தைப் பார்த்துவிட்டு, "சல்லி" என்று இன்னொரு தடவை நிதானமாகச் சொன்னாள். முன்னதைவிடக் கொஞ்சம் பெரிதாக இன்னொரு கல் வந்து செம்பாயியின் தோளில் பட்டுக் கீழே உருண்டது. சரிதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, முந்தானையால் தராசைத் துடைத்துக்கொண்டு, மாரிக்கண்ணு அடுத்த ஆளுக்கு வெண்டைக்காய் நிறுக்கத் தொடங்கினாள்.

செம்பாயி செய்த குற்றம் இதுதான். அவள் புருசன் அடைக்கலம், சீமைச்சாமியின் குவாரியில் வெடிக்குக் குழி போடுகிறவன். தை மாதத்தில் ஒருநாள் மதியச் சோற்றுக்குப் பிறகு குவாரியின் கிழக்குச் சுவர் முழுசாகச் சரிந்தது. கீழே நின்றவர்கள் எல்லாரும் அலறிக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள், அடைக்கலம் வரவில்லை. அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை என்றார் சீமைச்சாமி. மறுநாள், ஒரு பொம்பளையோடு திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டான் என்றார். அந்த வாரம் முடிவதற்குள் அவன் பஸ் ஏறியதைப் பாதி ஊர் கண்ணால் பார்த்திருந்தது. கூடப் போனவளின் சேலை நிறம் மட்டும் ஆளுக்கொரு மாதிரி இருந்தது.

செம்பாயி தாலியைக் கழற்றி வைத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனாள். சரிந்து கிடக்கும் கல்லை அகற்றி ஆளைத் தேடிப் பார்க்கிற வரைக்கும் அங்கே வெடிச் சத்தம் கேட்கக்கூடாது என்று கோர்ட்டு சொன்னது. அதிகாரிகள் வந்து விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்கள், இயந்திரத்தை இறக்கினால் மிச்சச் சுவரும் சரியும் என்றார்கள், இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆக, கல்லையும் எடுக்கவில்லை, குவாரியையும் திறக்கவில்லை. கிரஷர் மிஷின் நின்றது, லாரிகள் நின்றன, டீக்கடைப் பாய்லர் நின்றது, கூகைப்பாறையின் அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன, அணைந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் செம்பாயியின் பெயர்தான் வாயில் வந்தது.

எல்லாரையும்விட அதிகமாக வெறுத்தவள் வள்ளிக்கண்ணு. அடைக்கலத்தின் கூடப்பிறந்த தங்கச்சி. தாய் தகப்பன் போன பிறகு அவளைத் தோளில் தூக்கி வளர்த்து, கட்டிக்கொடுத்து, பிள்ளைப்பேறு பார்த்ததெல்லாம் அண்ணன்தான். செம்பாயி வெறுங்கழுத்தோடு தெருவில் வந்த அன்று வள்ளிக்கண்ணு ஓடிவந்து அவள் மயிரைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் திருப்பூர்ல உசுரோட இருக்கான்டி! எவளோட இருந்தா என்ன, உசுரோட இருக்கான்! நீதான்டி அவனைக் கொன்னுட்டு வந்து நிக்கிற!"

அதற்குப் பிறகு அவள் செம்பாயியை மதினி என்று கூப்பிடவில்லை.

கல் விழுவதற்கு ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று கேட்டவர்கள் யாருமில்லை; எப்படி வருகிறது என்பதைத்தான் கவனித்தார்கள். செம்பாயியை நினைத்து மனசார அந்தச் சொல்லைச் சொன்னால் போதும், டீக்கடையில் உட்கார்ந்து சொன்னாலும் கண்மாய்க்கரையில் சொன்னாலும் அவள் இருக்கிற இடத்தில் கல் விழும். கோபம் சிறிதென்றால் கல் சிறிது, கோபம் பெரிதென்றால் கல் பெரிது. ரோடு போடும் இலாகாவிலிருந்து வந்த இஞ்சினியர் ஒருவர் சோதித்துப் பார்க்க விரும்பி, அவளை எதிரே நிறுத்திவைத்து, "ஜல்லி, ஜல்லி" என்று கூப்பாடு போட்டார். ஒன்றும் விழவில்லை. ஜ போட்டால் கேட்காது சார், ச போட்டு வையணும், அதோட நீங்க அவளை வெறுக்கவும் வேணும் என்று ஊர்க்காரர்கள் அவருக்கு எடுத்துச் சொன்னார்கள்.

பஸ்ஸில் அவள் ஏறினால், இந்தம்மா இறங்குகிற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது, கூரை ஓட்டையானால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று கண்டக்டர் சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் துணி காயப்போடும் கொடியை அந்தப் பக்கமாக மாற்றிக்கொண்டார்கள், கோழிகளைக் கூடையில் கவிழ்த்துக்கொண்டார்கள், அதையெல்லாம் செய்து முடித்து உட்கார்ந்த பிறகு ஆற அமர அவளை வைதார்கள். கோயிலில் அவளைத் தேரடிக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிடச் சொன்னார்கள். செம்பாயி அலுமினியச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தண்ணிக்குப் போனாள், சட்டியில் ணங் ணங்கென்று விழுகிற சத்தத்தை வைத்தே தெருக்காரர்கள் அவள் எங்கே போகிறாள் என்று தெரிந்துகொண்டார்கள். அவள் வீட்டு ஓடு முழுக்க நொறுங்கிற்று, சட்டி நெளிந்தது, தோள்பட்டை கன்றிக் கன்றிக் கறுத்துப்போயிற்று. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளிடம் போய்விடேன் என்று அவளிடம் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டாள். கல்லுக்கு அடியில் கிடக்கிறவனைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போவது?

விழுந்த கல்லை ஊரார் முதலில் கூடையில் அள்ளிக்கொண்டு போய்ச் சேறான வாசல்களில் கொட்டினார்கள். பிறகு மாட்டுக்கொட்டகைக்குத் தளம் போட்டார்கள். பிறகு சீமைச்சாமி ஒருநாள் வெள்ளை வேட்டியோடு வந்து, செம்பாயியின் முற்றத்தில் இடுப்பளவு குவிந்து கிடந்ததைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, முதல்தரமான கல் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவள் வாசலுக்கு லாரி வந்தது. குவாரியை மூடச் சொன்ன கோர்ட்டு, வானத்திலிருந்து விழுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. அதற்கு அடுத்த வாரம் அவர் வைவதற்கென்றே கூலிக்கு ஆள் வைத்தார்.

அப்படியாக, முன்னே கல்லுடைத்த பெண்களும் குழிபோட்ட ஆண்களும் காலையில் தூக்குவாளியோடு வந்து செம்பாயியின் வீட்டைச் சுற்றி உட்கார்ந்து, நிழல் திரும்பத் திரும்பத் தாங்களும் இடம் மாறிக்கொண்டு, பொழுது சாயும் வரை சல்லி சல்லி என்று வைதுவிட்டுப் போனார்கள். நடுவில் வெற்றிலை போட்டுக்கொள்வார்கள், பேரன் பேத்தி கதை பேசுவார்கள், மேஸ்திரி அதட்டினால் திரும்ப வைவார்கள். அடுப்புகள் மறுபடி எரிந்தன. கூகைப்பாறை முக்குரோட்டிலிருந்து ஊர்வரைக்கும் புது ரோடு அந்தக் கல்லில்தான் போட்டார்கள். செம்பாயி கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தாள். கல் கூரையைத் துளைத்துக்கொண்டு வந்து கட்டில் பலகைமேல் விழும் ஒவ்வொரு முறையும், யார் குரல் இது, மாரிக்கண்ணா, சவரியம்மாளா, இவள் பிள்ளைக்கு அம்மை போட்டபோது நானல்லவா வேப்பிலை அடித்தேன் என்று நினைத்துக்கொள்வாள்.

ஆனால் கூலிக்கு வைவதில் ஒரு கேடு இருந்தது. சோறு கிடைத்துவிட்டதால் ஆட்களுக்குக் கோபம் குறைந்தது. நாளாக நாளாகக் கல் சிறுத்தது, புளியங்கொட்டை அளவாயிற்று, பிறகு வெறும் தூசியாக உதிர்ந்தது. மேஸ்திரி, "மனசு வச்சு வைங்கய்யா, மனசு வச்சு வைங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். சீமைச்சாமிக்குத் தெரியும், வெறுப்புக்குத் தீனி போட வேண்டும். செம்பாயி கோர்ட்டில் இன்னொரு வழக்குப் போடப்போகிறாள், கண்மாயையும் மூடச் சொல்லப்போகிறாள் என்று ஒரு வதந்தியை அவிழ்த்துவிட்டார். கொஞ்ச நாள் நல்ல கல் விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் குவாரிக் காவல்காரன் மாயழகு வந்து அவள் கதவைத் தடியால் தட்டினான்.

"திருட்டுச் சிறுக்கி, வெளிய வா! கல்லைத் திருடுறியா? சரிஞ்சு கெடந்த கல்லு நாளுக்கு நாள் கொறைஞ்சுக்கிட்டே போகுது. காவலுக்கு இருக்கிறவன் நான் என்னத்தைச் சொல்றது மொதலாளிக்கு?"

செம்பாயி கட்டிலுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தாள். "எங்க கொறையுது?"

"எங்கயா? கெழக்க, ஒம் புருசன் கெடக்கான்னு சொல்லுவியே, அங்கதான்."

அவள் அவனைத் தாண்டிக்கொண்டு நடந்தாள். பாறைமேட்டில் ஏறி, முள்வேலியில் நுழைந்து, குவாரி விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். முன்பு பனைமரத்து உயரத்துக்குக் கிடந்த குவியல் பாதியாக வடிந்திருந்தது. ஊரில் யாரோ அந்த நேரத்தில் அவளை வைதிருக்க வேண்டும். கோழி தானியத்தைக் கொத்தி எடுப்பதுபோலக் குவியலின் உச்சியிலிருந்து ஒரு கல் சட்டென்று இல்லாமல் போயிற்று, அவள் முதுகில் ஒரு கல் பொத்தென்று விழுந்தது. அவள் குனிந்து அதை எடுத்தாள். கீழே இருந்த குளிர்ச்சி அதில் இன்னும் போகாமல் இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விளிம்பிலேயே உட்கார்ந்து, புருசன் போனதற்குப் பிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலையில் கூலிக்கு வைய வந்தவர்கள், செம்பாயியின் கதவு திறந்து கிடப்பதைக் கண்டார்கள். அவள் தலைக்குக் குளித்து, சிவப்புச் சேலை கட்டி, கொண்டையில் கனகாம்பரம் வைத்து, நடுமுற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னா மசமசன்னு நிக்கிறிய? வைங்க. ஒங்க மிஷின நிறுத்தினது நான்தான். ஒங்க புள்ளைக பள்ளிக்கூடத்துக்குப் பணங் கட்டாம நின்னுச்சே, அதுவும் என்னாலதான். எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல" என்றாள்.

அன்று விழுந்த கல்லில் இரண்டு லாரி நிறைந்தது. அதற்குப் பிறகு அவள் ஓயவில்லை. சந்தைக்குப் போய் மாரிக்கண்ணுவின் கத்தரிக்காயைக் காலால் எற்றினாள். மழை வேண்டிப் பொங்கல் வைத்த அன்று, தீட்டு என்று யார் சொன்னதையும் கேளாமல் கோயிலுக்குள் நடந்துபோய் நட்டநடுவில் நின்று சிரித்தாள். தன்னை வெறுக்கக் காரணம் தேடுகிறவர்களுக்கு அவள் வீடுவீடாகக் கொண்டுபோய்க் காரணம் கொடுத்தாள். தேங்காய் அளவுக்கு விழுந்தது, அம்மிக்கல் அளவுக்கு விழுந்தது. கைவிரல் ஒன்று முறிந்து கோணிக்கொண்டது, நெற்றி கிழிந்து தையல் போட்டார்கள். தையல் போட்ட நர்சம்மா போகிற போக்கில் வைததற்கும் அவள்மேல் ஒரு கல் விழுந்தது. பொழுது சாய்வதற்கு முன்னால் மேட்டில் ஏறிப் போய்ப் பார்ப்பாள். குவியல் வடிந்துகொண்டிருந்தது.

அதைச் சீமைச்சாமியும் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு வந்தவருக்கு முகம் செத்துப்போயிருந்தது. அன்றைக்கே கூலி ஆட்களை நிறுத்தினார். ஊரைக் கூட்டி, இனிமேல் கூகைப்பாறையில் ஒருத்தரும் அந்தச் சொல்லை எடுக்கக் கூடாது, எடுத்தால் தன் வயலில் களைவெட்டக்கூட வேலை கிடையாது என்றார். செம்பாயியை இனி எல்லாரும் மரியாதையாக அம்மா என்று கூப்பிட வேண்டும். ஊர் கட்டுப்பட்டது. மாரிக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்கம்மா, கத்தரிக்கா எடுத்துக்கங்கம்மா" என்றாள். சல்லிவேரை நார்வேர் என்றார்கள், சல்லிக்காசைச் சில்லறை என்றார்கள், கல்துண்டைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் கையால் சைகை காட்டினார்கள். செம்பாயி என்ன சொல்லித் தூண்டினாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைக் குனிந்து கும்பிட்டார்கள். வைதபோதுகூட அவள் அவ்வளவு பயந்ததில்லை. வானம் சுத்தமாக இருந்தது. குவியலின் கடைசி அடுக்கு அப்படியே கிடந்தது.

அவள் வள்ளிக்கண்ணுவின் வீட்டுக்குப் போனாள்.

வள்ளிக்கண்ணு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பப் புடைக்கத் தொடங்கினாள்.

"எம்மேல விழுற கல்லெல்லாம் கெழக்குச் சுவரு சரிஞ்ச கல்லு. இன்னங் கொஞ்சம்தான் இருக்கு. ஊரு வாயடைச்சுப் போச்சு. நீதான் வையணும்."

முறம் நின்றது. "எதுக்கு? அடியில எங்கண்ணன் பொணம் இருக்குன்னு எனக்குக் காட்டவா?"

"ஆமா."

"அங்க ஒண்ணும் இருக்காது. வெறும் பாறைதான் இருக்கும். வெறும் பாறைய ஒனக்குக் காட்டி, ஒன்னைய இந்த ஊரை விட்டுத் தொரத்துறேன். நட."

இரண்டு பேரும் உச்சி வெயிலில் மேட்டுக்கு ஏறினார்கள். மாயழகு தடியோடு குறுக்கே வந்தான். வள்ளிக்கண்ணு பார்த்த பார்வையில் ஒதுங்கி நின்றான். செம்பாயி தலைச்சட்டியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு விளிம்பில் நின்றாள்.

வள்ளிக்கண்ணு தொடங்கினாள். கல்யாணத்தன்று செம்பாயி தனக்கு எடுத்துக் கொடுத்த மட்டமான பாவாடையிலிருந்து தொடங்கினாள். அண்ணன் வாங்கி வந்த பண்டத்தில் தனக்குப் பங்கு வராமல் ஒளித்தது, தன் தலைப்பிள்ளை செத்துப் பிறந்தபோது ஒப்புக்கு மூக்கைச் சிந்தியது, ஆடி மாதத்துச் சண்டை, அண்ணன் தன் வீட்டுக்கு வருவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது, எல்லாவற்றையும் எடுத்து எடுத்துச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் முடிவில் சல்லி என்றாள். சொல்லச் சொல்லக் கீழே கல் காணாமல் போயிற்று, மேலே செம்பாயியைச் சுற்றி இடிபோல விழுந்தது. ஒன்று தோளில் பட்டுச் செம்பாயி முழங்காலிட்டாள். இன்னொன்று இடுப்பில் பட்டது.

"இன்னும்" என்றாள் செம்பாயி.

"எங்கண்ணனுக்குச் சோறு போடாம வெரட்டுன சல்லி! அவனுக்குப் பொண்டாட்டியா இருக்கத் துப்பில்லாத சல்லி! ஒன்னோட இருக்க முடியாமத்தாண்டி அவன் திருப்பூருக்கு ஓடுனான்! ஒன்னாலதான்டி, ஒன்னாலதான், சல்..."

மிச்ச எழுத்து வரவில்லை. செம்பாயி கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தாள். கடைசிப் பெருங்கல் எழுந்து போயிருந்த இடத்தில், பாறைத் தரையில், நீலக் கட்டம் போட்ட கைலியின் ஓரம் தெரிந்தது, அதற்கு வெளியே முழங்காலுக்குக் கீழே வெளுத்த எலும்பும், எலும்பைவிட்டுப் போகாத ஒரு ரப்பர் செருப்பும்.

வள்ளிக்கண்ணு நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். "ஒனக்கு இப்பச் சந்தோசமா?" என்று கேட்டாள். செம்பாயி இல்லை என்று தலையாட்டினாள்.

போலீஸ் வந்தது, கயிறு கட்டி இறங்கினார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சீமைச்சாமியைக் கூட்டிக்கொண்டு போனார்கள், வழக்கு நடக்கிறது. அடைக்கலம் பஸ் ஏறியதைக் கண்ணால் பார்த்தவர்கள், தூரத்தில் பார்த்ததால் ஆள் மாறிவிட்டிருக்கும் என்றார்கள். மன்னிப்புக் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. பொணத்தைத் தோண்டி எடுத்து ஊரைப் புதைத்துவிட்டாள் என்றுதான் டீக்கடையில் பேசினார்கள். சீமைச்சாமி போட்டிருந்த தடை அவரோடு போய்விட்டதால் பழைய சொல்லும் எல்லார் வாயிலும் திரும்பி வந்தது. எவ்வளவு ஆங்காரத்தோடு சொன்னாலும் ஒரு தூசிகூட விழவில்லை. அது அவர்களுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அடைக்கலத்தை வெள்ளைத்துணி மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். ஊர் எல்லையில் செம்பாயியும் வள்ளிக்கண்ணுவும் மூட்டையோடு இறங்கியபோது, பாடை கட்ட ஆள் வரவில்லை, கொட்டடிக்கிறவர் வரவில்லை, குழி வெட்டுகிறவருக்குத் திடீரென்று காய்ச்சல் வந்திருந்தது. வள்ளிக்கண்ணுவின் புருசன்கூடத் திண்டுக்கல்லில் சோலி என்று கிளம்பிவிட்டான். புது ரோட்டில் இரண்டு பெண்களும் மூட்டையை மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு நடந்தார்கள். அவர்கள் வர வர, தெருவில் கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. ஒரு கதவு இடுக்கிலிருந்து யாரோ அந்தச் சொல்லைச் சொன்னார்கள். வள்ளிக்கண்ணு நின்று, அந்தக் கதவைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு, மேலே நடந்தாள்.

சுடுகாட்டுத் தரை சரளை மண்ணாக இறுகிக் கிடந்தது. வள்ளிக்கண்ணு கடப்பாரையால் குத்தினாள், செம்பாயி கோணல் விரலோடு மண்வெட்டியால் அள்ளிப் போட்டாள். வெயில் முதுகில் ஏறிற்று. இடுப்பளவு ஆழம் வந்ததும் வள்ளிக்கண்ணு குழிக்குள் நின்றபடியே, மூட்டையைப் பார்க்காமல், மண்ணைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கிக் காலைல என்ன தின்னுட்டுப் போனான்?"

"பழைய சோறு."

"தொட்டுக்க?"

"நெத்திலிக் கருவாடு சுட்டுக் குடுத்தேன். பத்தலன்னு சட்டியத் தொடச்சுத் தின்னாரு."

"ம்" என்றாள் வள்ளிக்கண்ணு. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "இன்னும் ஒரு மொழம் போகணும், நரி தோண்டிரும்" என்று சொல்லிக் கடப்பாரையை ஓங்கினாள்.